பழைய ரவுட்டரில் சாட் சர்வர்

கேள்வி: சும்மா கிடந்த பழைய ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான இலவச இயங்குதளம்) ஏற்றிவிட்டேன். எங்கள் குடும்பத்துக்கு மட்டும் அதில் ஒரு சாட் சர்வர் நடத்த ஆசை. தாங்குமா? வெளியூரில் படிக்கும் மகனும் சேர முடியுமா?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: தாராளமாகத் தாங்கும். நாலு பேர் தட்டும் எழுத்தைக் கைமாற்றுவது ரவுட்டருக்கு ஒரு வேலையே இல்லை. இடம்தான் பிரச்னை. ஃபிளாஷ் (நிரந்தரச் சேமிப்பு) 4 எம்.பி., ரேம் 32 எம்.பி. என்றால் மறந்துவிடுங்கள், அந்த வகைக்கு ஓப்பன்டபிள்யூஆர்டியே 19.07 பதிப்போடு கும்பிடு போட்டுவிட்டது. ஃபிளாஷ் 16, ரேம் 128 இருந்தால் நிம்மதி.

அரட்டை மட்டும் போதுமென்றால் என்ஜிஐஆர்சிடி போடுங்கள். ஐஆர்சி என்ற பழைய அரட்டை முறைக்கான சர்வர், ரொம்பச் சின்னது. ஆனால் ஆள் இல்லாத நேரத்தில் வந்த செய்தியை எடுத்துவைக்காது. வாட்ஸ்அப் பழகிய வீட்டில் இதற்கே சண்டை வரும். அங்கே பிராசடிதான் சரி. எக்ஸ்எம்பிபி என்ற செய்தி முறைக்கு லூவா மொழியில் எழுதிய சர்வர். ஆண்ட்ராய்டில் கான்வர்சேஷன்ஸ் செயலி அதோடு நன்றாகப் பேசும். ரவுட்டர் செட்டிங்ஸுக்கான லூசி பக்கத்தில் சிஸ்டம், சாஃப்ட்வேர் என்று போனால் இரண்டும் கிடைக்கும்.

பிராசடி என்றால் ஒரு பென்டிரைவ் செருகி, தரவு ஃபோல்டரை அதற்கு மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் ஃபிளாஷில் ஓயாமல் எழுதினால் அது தேயும். டெம்ப் ஃபோல்டரில் வைத்தாலோ, அது ரேம். கரண்ட் போனால் எல்லாம் போச்சு. இன்னொன்று, பெரும்பாலான ரவுட்டர்களில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. கரண்ட் வந்ததும் நெட் கிடைத்து நேரம் சரியாகும்வரை, செய்திகளில் பழைய தேதி விழுந்தால் பதறாதீர்கள்.

இனி மகன் விஷயம். நெட் கம்பெனி கொடுத்த பெட்டியின் WAN (வெளிப்பக்க இணைய) முகவரியைப் பாருங்கள். 100.64-லிருந்து 100.127-க்குள் தொடங்கினால், பல வீடுகளுக்குப் பொதுவாக ஒரே முகவரி கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். போர்ட் ஃபார்வர்டிங்கில் (வெளியிலிருந்து வருவதை வீட்டுக்குள் அனுப்பும் வசதி) எவ்வளவு முட்டினாலும் திறக்காது. ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி) இருந்தால் அந்த வழியாக முயலலாம். இல்லையென்றால் வாடகை சர்வர் ஒன்றை நடுவில் வைத்து வயர்கார்டு என்ற விபிஎன் சுரங்கம் போடலாம்.

தனி முகவரியே கிடைத்திருந்தாலும், செயலிகள் பிராசடியோடு இணையும் 5222 போர்ட்டை ஊருக்குத் திறந்துவிட நான் சொல்லமாட்டேன். ரவுட்டரிலேயே வயர்கார்டு போட்டு, மகன் அதன் வழியாக உள்ளே வரட்டும். 5269 வெளி சர்வர்களோடு பேசுவதற்கானது, உங்களுக்குத் தேவையில்லை. கணக்குகளையும் நீங்களே உருவாக்கிக் கொடுங்கள். யார் வேண்டுமானாலும் பதியலாம் என்று விட்டால் ஸ்பேம் கும்பல் குடியேறிவிடும்.

அப்புறம், ஃபர்ம்வேர் அப்டேட் செய்தால் செட்டிங்ஸ் நிற்கும். நீங்கள் சேர்த்த பேக்கேஜ்கள் வழக்கமாக நிற்காது. அவற்றின் பெயரை எங்காவது எழுதி வையுங்கள்.