புது பால் பைத்தானுக்கு முன்னெச்சரிக்கையாகப் புழு மருந்து தேவையா?

கேள்வி: 400 கிராம் எடையுள்ள பால் பைத்தான் (ball python என்ற ஆப்பிரிக்க மலைப்பாம்பு) ஒன்று வாங்கியிருக்கிறேன். ஐவர்மெக்டின் ஊசி மருந்து, ஃபென்பெண்டசோல் சிரப், மைட் (பாம்பின் ரத்தம் குடிக்கும் சிறு உண்ணி) ஸ்ப்ரே மூன்றையும் ‘குவாரண்டைன் கிட்’ என்று விற்பவர் தருகிறார். புழு இருக்கிறதோ இல்லையோ, கொடுத்துவிடுவது நல்லதாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் காசுக்கு மலப் பரிசோதனை செய்துவிடலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாட்டுக்குப் போடும் 1% ஐவர்மெக்டினில் ஒரு மில்லிக்கு 10 மி.கி. மருந்து. பாம்புக்கு வழக்கமான அளவு கிலோவுக்கு 0.2 மி.கி. 400 கிராமுக்கு 0.08 மி.கி., அதாவது 0.008 மில்லிதான். 40 யூனிட் இன்சுலின் சிரிஞ்சில் ஒரு கோடே 0.025 மில்லி; ஒரே கோடு இழுத்தாலும் மூன்று மடங்கு உள்ளே போய்விடும். கூடிப்போனால் பாம்பு துவண்டு, மல்லாத்திப் போட்டால் திரும்பக்கூட முடியாமல் கிடக்கும். அதனால்தான் மருத்துவர்கள் இதை நீர்க்கச் செய்து போடுகிறார்கள். வீட்டில் ஆமை இருந்தால் இந்தப் பாட்டிலை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஆமைக்கு இது விஷம்.

ஃபென்பெண்டசோல் சாதுவான மருந்து என்று பெயர். ஆனால் அளவு மீறினால் எலும்பு மஜ்ஜையைத் தாக்கி வெள்ளணுக்களைக் குறைக்கும். பிறகு ஏதாவது தொற்று வந்தால், காரணம் மருந்து என்று யாருக்கும் தோன்றாது. இத்தனைக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணிய ஒட்டுண்ணியை இது தொடக்கூடச் செய்யாது. இரையைக் கக்குவதும் நடு உடம்பு வீங்குவதும் அதன் அடையாளம். அந்தச் சந்தேகம் இருந்தால் பிசிஆர் சோதனை கேளுங்கள்.

முதல் ஒரு வாரம் தொடாதீர்கள், இரையும் வேண்டாம். பிறகு ஒன்றிரண்டு இரை எடுத்ததும் மலம் கழிக்கும். வெள்ளைக் கட்டி யூரிக் அமிலம், அதை விட்டுவிட்டுப் பழுப்புப் பகுதியை மட்டும் மூடியுள்ள டப்பாவில் எடுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்கலாம், ஃப்ரீசரில் கூடாது. 24 மணி நேரத்துக்குள் கொடுத்து, நேரடி ஸ்மியர், மிதவைச் சோதனை இரண்டையும் செய்யச் சொல்லுங்கள். ஒரு முறை ‘இல்லை’ என்று வந்தால் நம்பிவிட வேண்டாம். புழு தினமும் முட்டையிடுவதில்லை. சில வாரம் விட்டு இன்னொரு முறை பாருங்கள்.

மைட் விஷயம் வேறு. அதைக் கண்ணால் பார்த்துவிடலாம். பெட்டிக்குள் வெள்ளை டிஷ்யூ மட்டும் விரியுங்கள்; மிளகுத்தூள் சிதறியதுபோல் நகரும் கரும்புள்ளிகள் தெரியும். கண்ணோரம், தாடைக்கு அடியில் உள்ள பள்ளம் இரண்டையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். பாம்பு தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடந்தாலும் சந்தேகப்படுங்கள். இருப்பது உறுதியானால் மட்டும், மருத்துவரைக் கேட்டு ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி. அதையும் நேராக அடிக்காமல் துணியில் நனைத்து, தலையை விட்டுத் துடைக்க வேண்டும்; காயும்வரை தண்ணீர்க் கிண்ணத்தை வெளியே எடுத்துவிடுங்கள். முட்டைகள் பெட்டி இடுக்கில் தப்பிவிடும் என்பதால் ஒரே தடவையில் தீராது.

குவாரண்டைன் 90 நாள். தனி அறை, தனி இடுக்கி. மற்றப் பாம்புகளைக் கவனித்த பிறகே இதனிடம் போங்கள். பில்லில் ‘இங்கே பிறந்தது’ என்றோ ‘இறக்குமதி’ என்றோ எழுதி வாங்குங்கள். ஆப்பிரிக்கப் பண்ணைகளிலிருந்து வருபவற்றில் உண்ணியும் புழுவும் அதிகம். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பாம்பைப் பதிவு செய்யவும் அந்தப் பில் வேண்டியிருக்கும்.