கிராமங்களில் வீடில்லாதவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்களா? எங்கள் நண்பர்கள் குழு உதவ நினைக்கிறது, என்ன செய்யலாம்?

நீங்கள் நகரத்தில் வளர்ந்தவர் என்று நினைக்கிறேன். பிளாட்பாரத்தில் படுத்திருப்பவர்களைப் பார்த்த கண்ணுக்கு எங்கள் பக்கம் வீடில்லாதவர் யாரும் தென்பட மாட்டார்கள். எல்லோருக்கும் ஒரு கூரை இருக்கும். அந்தக் கூரைக்குக் கீழே இருக்கும் மண்தான் சொந்தமாக இருக்காது.

எங்கள் குடிசை திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு வாய்க்கால் கரையில் இருந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது நான் திருப்பூரில், பனியன் கம்பெனியில் இருந்தேன். ரோடெல்லாம் மரம். ஊர் வந்து சேர இரண்டு நாள் ஆனது. கீற்று முழுக்க வாய்க்காலுக்குள் கிடந்தது. நடுவில் குத்துக்கால் ஒன்று மட்டும் நின்றது. பள்ளிக்கூடத்து முகாமில் இருப்பாள் என்று நினைத்த அம்மா, அந்தக் குத்துக்கால் பக்கத்தில் மூன்று செங்கல்லைக் கூட்டி உலை வைத்துக்கொண்டிருந்தாள். ரேஷன் கார்டு, யூரியா சாக்கின் உள்பையில் சுற்றி இடுப்பில் கட்டியபடியே இருந்தது. “ஏம்மா, முகாம்லயே இருக்கக் கூடாதா?” என்றேன். “எடத்த விட்டுப் போனா நம்ம எடம் இல்லன்னு ஆயிடும்டா” என்றாள்.

வாய்க்காலை ஆக்கிரமித்தவர்களுக்கு என்ன பரிதாபம் என்று சிலர் கேட்பீர்கள். என் தாத்தா பண்ணையாள். கூலி நெல் கூடுதலாகக் கேட்டதற்காக மிராசுதார் மனையிலிருந்து கிளப்பப்பட்டு அந்தக் கரைக்கு வந்தவர். பண்ணை மனையில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கே அதைச் சொந்தமாக்கும் சட்டம் 1971-ல் வந்தது. அதற்குள் தாத்தா கரைக்கு வந்து ஐந்தாறு வருஷம் ஆகிவிட்டது.

அரசாங்கம் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். புயல் நிவாரணம் வந்தது, தார்ப்பாய் வந்தது. அப்புறம் பிரதமரின் வீடு கட்டும் திட்டத்தில் அம்மா பெயரும் வந்தது, 1,20,000 ரூபாய். பட்டா கேட்டார்கள். வாய்க்கால் கரை நீர்நிலைப் புறம்போக்கு, அரசாங்க இடம்; அதற்குப் பட்டா கிடையாது. அந்த வீடு பட்டியலில் அடுத்து இருந்தவருக்குப் போய்விட்டது. வாங்கியவர் மேல் எனக்கு வருத்தமில்லை, அவரும் குடிசைக்காரர்தான். 2024-ல் வந்த கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் 3,50,000 ரூபாய் தருகிறார்கள். அதற்கும் பட்டா வேண்டும்.

மனு மேல் மனு கொடுத்து 2021-ல் வேறு இடத்தில் 3 சென்ட் மனை பட்டாவோடு கிடைத்தது. தாலுகா ஆபீசுக்கு அம்மா எத்தனை முறை நடந்தாள் என்று எனக்கே கணக்கில்லை.

கொடுத்தது வயலை ஒட்டிய பள்ளம். முதல் ஐப்பசியிலேயே முழங்கால் தண்ணீர் நின்றது. திருப்பூரில் சேர்த்த காசையெல்லாம் மண் அடிப்பதிலேயே போட்டேன். சுவர் இந்த வருஷம்தான் எழும்புகிறது. டெல்டாவில் மேட்டு மனை இல்லாமல் வீடு கொடுப்பது பாதி கொடுத்த மாதிரிதான். இதைச் சொன்னால் நன்றி கெட்டவன் என்பார்கள், சொல்லட்டும்.

உங்கள் குழு உதவ நினைத்தால் போர்வையும் கீற்றும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். யார் எந்தப் புறம்போக்கில், எந்தக் கோயில் மனையில் இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதி, மனைப்பட்டா மனுவோடு அவர்கள் கூடவே தாலுகா ஆபீசுக்குப் போங்கள். பட்டா வாங்கியவர்களுக்கு மண் அடித்துக் கொடுங்கள். எங்கள் மனைக்குப் பக்கத்திலேயே இரண்டு மனை இன்னும் பள்ளமாகக் கிடக்கின்றன. அந்த இரண்டு குடும்பமும் இப்போதும் வாய்க்கால் கரையில்தான் இருக்கிறார்கள்.