‘ரைஸ்’ என்று எழுதாதீர்கள், தம்பி

கேள்வி: எனக்கு 26 வயது. தூத்துக்குடி வின்ஃபாஸ்ட் கார் ஆலையில், வியட்நாமிலிருந்து வந்திருக்கும் பொறியாளர்களோடு வேலை. அவர்கள் மொழியைப் பேச ஆசைப்பட்டு, செல்போன் செயலி மூலம் மூன்று மாதத்தில் 400 வார்த்தைகளை மனப்பாடம் செய்தேன். ஆங்கில அர்த்தம் போட்டு நோட்டும் வைத்திருக்கிறேன். வாயைத் திறந்தால் அவர்களுக்குப் புரிவதில்லை. பாதி வார்த்தை மறந்தும் போகிறது. எங்கே தப்பு?

பதில்: அந்த நோட்டில் ஆங்கில அர்த்தத்தை அடித்துவிட்டுத் தமிழ் அர்த்தத்தை எழுதுங்கள், தம்பி. ‘ரைஸ்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு எதிரே நாலைந்து வியட்நாம் சொற்கள் கிடந்து உங்களைக் குழப்பியிருக்கும். அவர்களும் நம்மைப் போல வயலில் இறங்கியவர்கள். மா என்றால் நாற்று, லூவா நெல், காவ் அரிசி, கம் சோறு, தம் நொய், சாவ் கஞ்சி. சைகோனில் பேர்போன ‘கம் தம்’ வேறொன்றுமில்லை, நொய்ச்சோறுதான்.

உறவுமுறையும் அப்படியே. ஆங்கிலத்தில் எல்லோரும் ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’. அங்கே அப்பாவுக்கு மூத்தவர் பாக், இளையவர் சூ, அத்தை கோ, தாய்மாமன் கவ். ரத்த உறவே இல்லாதவரையும் வயது பார்த்து இப்படித்தான் கூப்பிடுவார்கள். அண்ணன் வயதுள்ளவர் அஞ், அக்கா சி, சின்னவர் எம். செயலி சொல்லிக்கொடுத்த ‘தோய்’, அதாவது ‘நான்’, கொஞ்சம் விலகி நிற்கிற சொல். மூத்த பொறியாளரிடம் பேசும்போது உங்களையே நீங்கள் ‘எம்’ என்று சொல்லிக்கொள்ள வேண்டும். “அம்மா சொல்றேன், கேளு” என்கிறோமே, அந்த மாதிரி. உறவுச் சொற்கள் இல்லாமல் அந்த மொழியில் ஒரு வாக்கியம்கூட மரியாதையாக நகராது. ஆகவே முதலில் அவை.

அடுத்து வேர்ச்சொற்கள். நுவக் நீர், மத் கண். நுவக் மத் கண்ணீர். நம் சொல்லைத் திருப்பிப் போட்டது போல. நுவக் மியா கரும்புச்சாறு. நுவக் மம் என்பது மீனை உப்பில் ஊறவைத்து எடுக்கும் சாறு. (நாட்டுக்கும் அவர்கள் நுவக் என்றே சொல்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல் இது.) மாய் என்றால் எந்திரம்: பறந்தால் மாய் பாய், விமானம், துணி துவைத்தால் மாய் ஸத், கணக்குப் போட்டால் மாய் தின், நம் கணினி. 400 வார்த்தையைத் தனித்தனியாகச் சுமப்பதைவிட இப்படி 50 வேர்களைப் பிடித்துக்கொள்வது மேல். எண்களைச் சீக்கிரம் முடித்துவிடுங்கள். திங்கள் அவர்களுக்கு ‘இரண்டாம் நாள்’, சனி ‘ஏழாம் நாள்’, மாதங்களுக்கும் எண்தான்.

உங்கள் பேச்சு புரியாததற்குக் காரணம் வேறு. எழுத்தின் மேலும் கீழும் உள்ள குறிகளை நீங்கள் அலங்காரம் என்று நினைத்திருக்கிறீர்கள். அவற்றில் பல, குரல் ஏறுவதையும் இறங்குவதையும் காட்டுபவை. வியட்நாமின் வடக்கே ஸூவா என்று குரலை இறக்கினால் தேங்காய், ஏற்றினால் அன்னாசி. இளநீர் கேட்டவருக்கு அன்னாசிச் சாறு வந்தால் கடைக்காரர் மேல் தப்பில்லை. தமிழ் எழுத்து இதைத் தாங்காது. நான் இங்கே எழுதியிருப்பதெல்லாம் அடையாளத்துக்குத்தான். நோட்டில் அவர்கள் எழுத்திலேயே, குறி ஒன்றும் விடாமல் எழுதுங்கள். ஒவ்வொரு சொல்லையும் அந்த நாட்டுக்காரர் ஒருவர் குரலில் செல்போனில் பதிந்து, கேட்டு, திருப்பிச் சொல்லுங்கள். குரல் இல்லாத வார்த்தையை நோட்டில் ஏற்றாதீர்கள்.

உடன் வேலை செய்பவர்கள் எந்த ஊர் என்றும் விசாரியுங்கள். குரலின் இந்த ஏற்ற இறக்கத்தைத் தொனி என்பார்கள்; வடக்கில் ஆறு தொனி, தெற்கில் ஐந்து. தெற்கே அன்னாசிக்குப் பெயரே வேறு. தேங்காயையும் ‘யூவா’ என்பார்கள். வின்ஃபாஸ்டின் பெரிய ஆலை இருப்பது வடக்கே ஹாய் ஃபோங்கில் என்பதால், வடக்கத்திப் பேச்சிலிருந்து தொடங்கலாம்.

புதுச் சொல் வேண்டுமா? எதையாவது கையால் காட்டி “காய் நய் லா ஸீ?” என்று கேளுங்கள். ‘இது என்ன’ என்று அர்த்தம். ஆலையில் ஸ்பேனர் முதல் ஸ்க்ரூ வரை பெயர் கிடைத்துவிடும்.

நாளை மதியம் மூத்தவர் ஒருவரிடம் “அஞ் அன் கம் சூவா?” என்று கேட்டுப் பாருங்கள். ‘அண்ணே, சாப்பிட்டாச்சா?’ சாப்பிட்டிருந்தால் “ஸோய்” என்பார். “சூவா” என்றால் இன்னும் இல்லை. கேன்டீனுக்குச் சேர்ந்தே போங்கள்.