உச்சத்தைத் தொட்ட உடம்பை இனி என்ன செய்வது? – வாசகர் கேள்வி-பதில்

இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "மாஸ்டர், உடம்பு இனி ஏறவில்லை. அடுத்து என்ன?" அதனால் அவற்றையே எடுத்துக்கொள்கிறேன். உயரம், எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம் நான்கையும் எழுதி அனுப்புங்கள் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். எழுதாதவர்களுக்குப் பதிலும் அந்த அளவில்தான் இருக்கும்.

இரண்டரை வருஷமாக ஜிம் போகிறேன். ஆறு மாதமாக எடை 68 கிலோவிலேயே நிற்கிறது. என் உச்சம் இவ்வளவுதானா? (24 வயது, புக்கிட் மெர்தாஜாம்)

இல்லை தம்பி. ஒழுங்காகப் பயிற்சி செய்து ஒழுங்காகச் சாப்பிடும் ஆணுக்கு முதல் வருஷம் எட்டுப் பத்து கிலோ தசை ஏறலாம். இரண்டாம் வருஷம் அதில் பாதி, மூன்றாம் வருஷம் அதிலும் பாதி. அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு கிலோ வந்தாலே பெரிய விஷயம். இரண்டரை வருஷத்தில் யாரும் உச்சத்துக்கு வந்துவிடுவதில்லை.

என்ன சாப்பிடுகிறீர்கள், எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், எந்த எடையை எத்தனை முறை (ரெப்) தூக்குகிறீர்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. ஆறு மாதத்துக்கு முன் ஸ்குவாட்டில் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது) எவ்வளவு தூக்கினீர்கள் என்று கேட்டால் சொல்ல முடியுமா? முடியாது என்றால் நாளைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தினம் 300 கலோரி கூட்டிச் சாப்பிட்டு, எட்டு வாரம் எழுதுங்கள். அதற்கு முன் உச்சத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஊக்கமருந்து இல்லாமல் ஒருவர் அதிகபட்சம் எவ்வளவு தசை ஏற்றலாம்? கணக்கு உண்டா? (கெப்போங்)

உண்டு. கொழுப்பைக் கழித்த உடல் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுங்கள். 25 வந்தால் கூரையைத் தொட்டாயிற்று. 170 செ.மீ. ஆளுக்குக் கொழுப்பு நீங்கலாக 72 கிலோ. ஒருசிலர் கொஞ்சம் தாண்டுவார்கள், பெரும்பாலோர் 22, 23-இல் நின்றுவிடுவார்கள். எலும்பின் பருமனும் தசை எலும்பில் ஒட்டும் இடமும் பிறப்பிலேயே அமைந்தவை. அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை.

16 வருஷப் பயிற்சி. 171 செ.மீ., 80 கிலோ, இடுப்பு 33 அங்குலம், ரத்த அழுத்தம் 128/82. நான்கு வருஷமாக நோட்டில் எண்கள் ஏறவே இல்லை. வாரம் ஆறு நாள் போகிறேன். போகவும் பிடிக்கவில்லை, நிறுத்தவும் பயமாக இருக்கிறது. (41 வயது, பிரிக்பீல்ட்ஸ்)

கடிதம் என்றால் இப்படி எழுத வேண்டும். ஆம் ஐயா, நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள். ரொம்பப் பேருக்குக் கிடைக்காத இடம் அது. சந்தோஷப்படுங்கள்.

முதலில் அந்த ஆறு நாளைக் குறையுங்கள். கட்டுவதற்கு வேண்டிய உழைப்பு வேறு, கட்டியதைக் காப்பதற்கு வேண்டிய உழைப்பு வேறு. 2011-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 16 வாரம் தசை கட்டியவர்களில் சிலரை அடுத்த 32 வாரம் மூன்றில் ஒரு பங்காகவும் வேறு சிலரை ஒன்பதில் ஒரு பங்காகவும் பயிற்சியைக் குறைக்கச் சொல்லிப் பார்த்தார்கள். 20 முதல் 35 வயதுக்காரர்களுக்கு ஒன்பதில் ஒரு பங்கே போதுமானதாக இருந்தது. 60 தாண்டியவர்களுக்குப் பலம் நின்றது, தசையின் அளவு நிற்கவில்லை. நீங்கள் நடுவில் இருப்பவர், மூன்றில் ஒரு பங்கு வைத்துக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் ஒரு தசைக்கு இரண்டு மூன்று செட் (இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்று ஒரு செட்). செட்டைக் குறைக்கலாம், பாரில் மாட்டும் எடையைக் குறைக்கக் கூடாது. இலேசான டம்பலை இருபது முறை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போனால் அது பராமரிப்பு ஆகாது.

மிச்ச நாள்களில் இருதயத்தைக் கவனியுங்கள். என்னிடம் பயின்ற ஒருவர் டெட்லிஃப்டில், அதாவது தரையிலிருந்து, 180 கிலோ எடுப்பார். பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு 513 படி. பாதி வழியில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உதடு வெளுத்துவிட்டது, கை இரண்டும் முட்டியில், பேச்சு வரவில்லை. 39 வயது. அன்றிலிருந்து அவருக்கு வாரம் மூன்று நாள் நடை, ஏற்றம் என்று மாற்றினோம். இப்போது பேசிக்கொண்டே ஏறுகிறார். உங்களுக்குப் பத்துமலை பக்கம்தானே, 272 படிதான். கைப்பிடியைத் தொடாமல், பேச்சு நிற்காமல் ஏற முடிகிறதா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை பாருங்கள். வாரத்துக்கு மொத்தம் 150 நிமிடம் மூச்சு வாங்க நடந்தால் போதும்.

அந்தத் தசைக்கு இனி வேறு வேலை இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கி வைப்பது தசைதான். 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு நீரிழிவு. 16 வருஷம் உழைத்து ஒரு பெரிய கிடங்கு கட்டி வைத்திருக்கிறீர்கள். அதை 70 வயது வரைக்கும் கொண்டு போவதுதான் உங்கள் அடுத்த இலக்கு.

ஏறுகிற எண் ஒன்று கட்டாயம் வேண்டும் என்றால் புதிதாக ஒன்றைத் தொடங்குங்கள். சிலம்பம், நீச்சல், பூப்பந்து எதுவானாலும் சரி. பவர்லிஃப்டிங் எனும் எடை தூக்கும் போட்டியில் 40 வயதிலிருந்து மூத்தோர் பிரிவு உண்டு. புதியவனாக நிற்கும் இடத்தில் எண் தானாக ஏறும். 128/82-ஐ மறந்துவிடாதீர்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து நோட்டில் எழுதுங்கள்.

கோச் சொல்கிறார், நேச்சுரலாக இனி ஏறாதாம். 12 வாரம் ஒரு சைக்கிள் (ஹார்மோன் ஊசிச் சுற்று) போட்டால் பத்து கிலோ ஏறுமாம், பிறகு மாத்திரை சாப்பிட்டுச் சுத்தம் பண்ணிவிடலாமாம். எது பாதுகாப்பான ஊசி? (29 வயது, செந்தூல்)

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. பாதுகாப்பான ஊசி எதுவும் இல்லை. ஆனால் அதோடு நிறுத்தினால் நீங்கள் என்னை விட்டுவிட்டு அவரிடமே போவீர்கள், அதனால் விளக்கமாகச் சொல்கிறேன்.

ஊசி வேலை செய்யாது என்று பொய் சொல்ல மாட்டேன். 1996-இல் வெளிவந்த ஆய்வில் பத்து வாரம் வாரத்துக்கு 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டெரோன் எனும் ஆண் ஹார்மோன் போட்டுப் பயிற்சியும் செய்தவர்களுக்குக் கொழுப்பில்லாத எடை ஆறு கிலோ கூடியது. பயிற்சியே செய்யாமல் ஊசி மட்டும் போட்டவர்களுக்குக்கூட மூன்று கிலோ கூடியது. ஏறும், தம்பி. அது யாருடைய உடம்பு, எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி.

வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை "போதும்" என்று முடிவு செய்கிறது. பிட்யூட்டரி சுரப்பி விரைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்துகிறது. விரை சுருங்குகிறது, விந்தணு குறைகிறது, பலருக்குப் பூஜ்யமே ஆகிறது. 12 வாரம் முடிந்து ஊசியை நிறுத்தியதும் சொந்தச் சுரப்பும் இல்லை, வெளி மருந்தும் இல்லை. ஏறிய தசை வடிகிறது, மனம் சோர்கிறது, உடனே அடுத்த சைக்கிள். பத்து வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கும் ஆள்களை எனக்குத் தெரியும். அத்தனை பேரும் "ஒரே ஒரு 12 வாரம்" என்றுதான் ஆரம்பித்தார்கள். சுரப்பு திரும்ப மாதக்கணக்கு, சிலருக்கு வருஷத்துக்கும் மேல், சிலருக்குப் பழைய அளவுக்குத் திரும்புவதே இல்லை. இதற்கிடையே நல்ல கொலஸ்ட்ரால் விழுகிறது, ரத்தம் தடிக்கிறது, அழுத்தம் ஏறுகிறது, இருதயத்தின் இடது அறைச் சுவர் தடிக்கிறது. இதில் ஒன்றாவது கண்ணாடியில் தெரியுமா?

முன்பு நான் வேலை செய்த ஒரு ஜிம்மில் முதலாளியே விற்றார். பின்னறைப் பிரிட்ஜில் மைலோ டின்களுக்குப் பின்னால் குப்பிகள். ஒருநாள் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். லேபிள் கோணல், காலாவதித் தேதியின் மேல் இன்னொரு தேதி. ஈரக் கட்டைவிரலால் தேய்த்ததும் மை கையோடு வந்துவிட்டது. அந்த வாரமே வெளியே வந்துவிட்டேன். அங்கே பழகிய பையன் ஒருவன் பின்னாளில் என் வீட்டுக்கு வந்தான். 34 வயது, கல்யாணமாகி இரண்டு வருஷம், கையில் பரிசோதனைத் தாள், விந்தணு எண்ணிக்கை பூஜ்யம். அதுவரை குறை மருமகளுடையது என்றுதான் அவன் அம்மா பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ஒன்றரை வருஷம் கோவில் கோவிலாக ஏறி இறங்கியிருக்கிறாள். இவன் வாயைத் திறக்கவில்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது.

இந்த ஊசிகள் மலேசியாவின் 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகள். டாக்டர் வழியாகத்தான் கிடைக்க வேண்டும், உடை மாற்றும் அறையில் விற்பது குற்றம். பதிவான மருந்தென்றால் பெட்டியில் 'மால்' என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் லேபிளும் இருக்கும். உங்கள் கோச் காட்டியதில் இருந்ததா? உண்மையிலேயே ஹார்மோன் குறைவு என்றால் காலை நேரத்தில் இரண்டு முறை ரத்தம் எடுத்துப் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். அது சிகிச்சை, இதோடு சேர்க்காதீர்கள்.

ஏற்கெனவே போடுகிறவர்கள் இதைப் படித்தால்: டாக்டரிடம் மறைக்காதீர்கள். ரத்தம், கொலஸ்ட்ரால், கல்லீரல், ஹார்மோன், இருதய ஸ்கேன் எல்லாம் பாருங்கள், நிறுத்துவதையும் அவர் பார்வையிலேயே செய்யுங்கள். ஊசியை ஒருவருக்கொருவர் மாற்றிப் போடவே போடாதீர்கள். செந்தூல் தம்பி, கோச்சை மாற்றுங்கள்.

ஸ்குவாட் செய்தால் முட்டி வலிக்கிறது. என்ன செய்யலாம்? (சுங்கை பூலோ)

எந்த இடத்தில், எப்போதிலிருந்து, எந்த எடையில்? ஒன்றும் இல்லாத கடிதத்துக்கு நான் என்ன சொல்வது? பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.

என் கணவருக்கு 57 வயது, பழைய ஆணழகன் போட்டியாளர். ரத்தத்தில் கிரியாட்டினின் கூடுதல் என்று டாக்டர் சொன்னதிலிருந்து இறைச்சி, முட்டை, ஜிம் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். ஆளே வாடிவிட்டார். (ஜெலுத்தோங்)

அம்மா, கிரியாட்டினின் தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு. தசை அதிகம் உள்ளவருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். பரிசோதனைக்கு முந்தின நாள் கடும் பயிற்சி செய்திருந்தாலும், தசைக்காகக் கிரியாட்டின் பவுடர் குடித்திருந்தாலும் கூடும். ஆனால் உண்மையான சிறுநீரகக் கோளாறாகவும் இருக்கலாம், அதனால் ஊகிக்காதீர்கள். பவுடரை இரண்டு வாரம் நிறுத்தி, பயிற்சி இல்லாமல் மூன்று நாள் விட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். சிறுநீரகத்துக்கான சிஸ்டாட்டின்-சி ரத்தப் பரிசோதனையும் சிறுநீரில் புரதப் பரிசோதனையும் கேளுங்கள். தசையின் அளவு சிஸ்டாட்டினை அவ்வளவாகப் பாதிக்காது. எடை தூக்குகிறவர் என்பதை டாக்டரிடம் சொன்னீர்களா? முடிவு சரியாக இருந்தால் முட்டையும் ஜிம்மும் திரும்பட்டும். கோளாறு உறுதியானால் புரத அளவை டாக்டர் சொல்வார், அதன்படி நடங்கள், நடையை மட்டும் நிறுத்த வேண்டாம். ரத்த அழுத்தம் எவ்வளவு என்று நீங்களும் எழுதவில்லை.

தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம். கட்டிய உடம்பு போய்விடுமா? (பட்டர்வொர்த்)

போகாது. 100 கிராம் தெம்பேயில் (புளிக்கவைத்த சோயா) இருபது கிராம் அளவுக்குப் புரதம். தாவு (டோஃபு), பருப்பு, பால், தயிர் சேர்த்தால் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் கணக்குக்குப் பக்கத்தில் வந்துவிடும். வாரம் இரண்டு நாள் எடை தூக்குங்கள். ஒரு கிலோ குறைந்தாலும், ஒருமுறை வளர்ந்த தசை மறுபடி வளர முதல் தடவை அளவுக்கு நாள் எடுக்காது. விரதத்தை நிம்மதியாக இருங்கள்.

உச்சத்துக்கு வந்தாயிற்று. ஒருமுறையாவது ஆணழகன் போட்டி மேடை ஏறிப் பார்க்கலாமா? (38 வயது, 80 கிலோ, பிறை)

ஏறுங்கள். நம் ஆணழகர் சஸாலி சமாட் உலகப் பட்டங்களை வென்று வந்ததைப் பார்த்து வளர்ந்த ஊர் இது, அந்த ஆசை எனக்குப் புரியும். கொழுப்பைக் குறைக்க 16 வாரம் ஒதுக்குங்கள். வாரத்துக்கு 400 முதல் 800 கிராம் எடை, அதற்கு மேல் இறக்காதீர்கள், இறங்குவது தசையாகிவிடும். கடைசி வாரத்தில் தண்ணீரை நிறுத்து, உப்பை நிறுத்து, நீர் பிரியும் மாத்திரை போடு என்று யாராவது வருவார்கள். கேட்காதீர்கள். பொட்டாசியம் தடுமாறினால் இருதயத் துடிப்பே தடுமாறும். போட்டி முடிந்த முதல் மாதம்தான் கடினம், பசி அடங்காது. அந்த மாதச் சாப்பாட்டையும் இப்போதே நோட்டில் எழுதி வையுங்கள்.

1980-களில் பினாங்கில் பயிற்சி செய்தவன். அப்போது பெஞ்ச் (பலகையில் படுத்து எடை தூக்குவது) 110 கிலோ, இப்போது 60. பழைய நோட்டைப் பார்த்தால் ஜிம்முக்குப் போகவே மனம் வரவில்லை. ரத்த அழுத்தம் 134/80, மாத்திரை உண்டு. (66 வயது, ஆயர் ஈத்தாம்)

ஐயா, வணக்கம். நோட்டை நாற்பது வருஷம் வைத்திருக்கிறீர்கள். 30 வயதுக்கு மேல் பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவீதம் தசை எல்லோருக்கும் போகிறது, 60 தாண்டினால் வேகம் கூடுகிறது. 66 வயதில் 60 கிலோ பெஞ்ச் செய்பவர் உங்கள் தாமானில் (குடியிருப்பில்) எத்தனை பேர் இருப்பார்கள்?

உங்கள் வயதில் இளைஞனைவிடக் கூடுதல் பயிற்சி வேண்டும், மேலே சொன்ன 2011 ஆய்வு காட்டியது அதைத்தான். வாரம் மூன்று நாள், கால் முதலில். பலத்தைவிட வேகம் சீக்கிரம் போகும், கால் இடறினால் தாங்கிப் பிடிப்பது அந்த வேகம்தான். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து விசையாக எழுந்து மெதுவாக உட்காருங்கள், பத்து முறை, மூன்று செட். பிறகு ஐந்து கிலோ அரிசிப் பை கைக்கு ஒன்றாக வீட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடங்கள். மூச்சை அடக்கித் தூக்கவே கூடாது, அழுத்தம் உள்ளவர் நீங்கள். வேளைக்கு 35 கிராம் புரதம், வயதான தசைக்குச் சின்ன அளவு எடுபடாது. காலையில் தோசையோடு இரண்டு மூன்று முட்டை வையுங்கள்.

பழைய நோட்டை அலமாரியில் வைத்துவிட்டுப் புதிது ஒன்று வாங்குங்கள். முதல் பக்கத்தில் இன்றைய தேதி, பெஞ்ச் 60, நாற்காலி எத்தனை முறை, அழுத்தம் 134/80. இரண்டாம் பக்கம் நிறைந்ததும் எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.