காவக்காரன் யாரு?

"வணக்கம் சார். அயோத்தியாப்பட்டணத்துல இருக்கேன், பி.இ. கடைசி வருஷம். தங்கச்சி காலேஜ் சேர்ந்ததுல இருந்து அவளை கூட்டிட்டு போறது, அவ போனை பாக்கறது எல்லாம் என் பொறுப்புன்னு வீட்ல சொல்லிட்டாங்க. ஊருக்கு முனியப்பன் மாதிரி வீட்டுக்கு ஆம்பளைங்கறாரு அப்பா. இந்த காவல் எப்படி வந்துச்சு, வீட்டுக்கு பொருந்துமா? முனியப்பனுக்கு சுருட்டு ஏன் படைக்கறாங்க?"

தம்பி, சுருட்டை விடு, அது பெரிய கதை. காவலை பத்தி நானே கொஞ்ச நாளா மண்டைக்குள்ள உருட்டிட்டு இருந்தேன், நீ எழுதிட்ட.

போலீஸ் வர்றதுக்கு முன்னாடி ஊருக்கு ஊர் காவக்காரர் உண்டு. அறுப்பு முடிஞ்சதும் களத்துலயே அவருக்கு தானியம் அளந்துடுவாங்க. சும்மா இல்ல, களவு போனா துப்பு பிடிச்சு மீட்டு குடுக்கணும், முடியலைன்னா சொந்தமா ஈடு கட்டணும், பல ஊர்ல இதான் கட்டுப்பாடு. எங்க அம்மாயி வீட்டு பெரியவங்க வாழப்பாடி பக்கம் காவல் பாத்தவங்க. காணாம போன காளைக்கு பதிலா தன் காளையை ஓட்டிட்டு போய் பறிகுடுத்தவர் கட்டுத்தறில கட்டிட்டு வந்தாராம் ஒருத்தரு, அந்த வருஷம் உழவுக்கு இரவல் மாடு. அம்மாயி இதை பெருமையா சொல்லாது, எரிச்சலாதான் சொல்லும்.

1792ல சேலம் கிழக்கிந்திய கம்பெனி கைக்கு போச்சு, 1816 சட்டத்துல ஊர் காவல் பாத்த தலையாரி, ஊர் தலைவரான மணியக்காரருக்கு கீழ வந்தாரு, 1859ல போலீஸ் சட்டம். இப்ப வண்டி களவு போனா எஃப்ஐஆர் காப்பி வரும், அவ்ளோதான்.

நட்டத்தை தன் தலைல ஏத்திக்கிட்டவன்தான் காவக்காரன். நீ என்னத்தை ஏத்திக்கிட்ட? எவனாச்சும் அவகிட்ட வம்பு பண்ணா யாரு காலேஜை விட்டு நிக்கணும், நீயா அவளா? அவதானே. ராத்திரி பத்து மணிக்கும் ஊர் சுத்தற சுதந்திரம்தான் உனக்கு கூலி, ஈடு கட்டறது அவ. இதுல போனை வேற நோண்டற. களத்துக்குள்ள பூந்து நெல்லை அள்றவனுக்கு பேரு வேற, தம்பி.

அப்பாகிட்ட இதையும் சொல்லு. நம்ம பெரியேரி ஊர்ல தலைவெட்டி முனியப்பன்னு கும்பிட்டுட்டு இருந்த சிலை புத்தர்தான்னு தொல்லியல் துறை பாத்து சொல்லி, 2022ல ஹைகோர்ட் தீர்ப்பே வந்துச்சு. கைல அருவா இல்ல, மடில கை வெச்சு தியானத்துல உக்காந்திருக்காரு. அவரைத்தான் சனம் காவலுக்கு நம்புச்சு.

கொஞ்சம் காட்டமா எழுதிட்டேன், நீ நல்ல பையன், இல்லைன்னா பொருந்துமான்னு கேட்டிருக்கவே மாட்ட. இன்னைக்கே போனை அவகிட்ட குடு, லாக் நம்பரை அவளே மாத்திக்கட்டும். பஸ் ஸ்டாப்ல விடச் சொல்லி அவ கேட்டா மட்டும் வண்டியை எடு.