மிக்கி மவுஸ் வெள்ளி நாணயம் வாங்கலாமா?

கேள்வி: மிக்கி மவுஸ் படம் போட்ட வெள்ளி நாணயம் ஒன்று வாட்ஸாப்பில் விற்பனைக்கு வந்தது. நியுவே நாட்டு நாணயம், 1 அவுன்ஸ், முகமதிப்பு 2 டாலர். ‘அரசு நாணயம், விலை இறங்கவே இறங்காது’ என்கிறார்கள். பேரன் பிறந்தநாளுக்கு வாங்கலாமா?
- வாசகி, தக்கலை

பதில்: பரிசுக்கு வாங்கலாம், முதலீட்டுக்கு வேண்டாம். நியுவே பசிபிக் கடலில் ஒரு சிறு தீவு. அங்கே புழங்குவது நியூசிலாந்து டாலர். ‘அரசு நாணயம்’ என்ற செல்லுபடி அந்த 2 டாலருக்குத்தான், நம் பணத்தில் நூறு ரூபாய்ச் சொச்சம். அதையும் நாகர்கோவிலில் மாற்ற முடியாது. பணம் மாற்றுகிற கடைகள் நோட்டைத்தான் வாங்கும். (வீட்டில் பழைய திருவிதாங்கூர் சக்கர நாணயம் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும்: அது செல்லாது, ஆனாலும் கேட்டு வாங்க ஆள் உண்டு.)

1 அவுன்ஸ் என்றால் 31.1 கிராம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்குங்கள். அதற்கு மேல் கேட்பதெல்லாம் டிஸ்னி உரிமம், வேலைப்பாடு, பெட்டி, விற்பவர் லாபம். நகைக்கடையில் விற்றால் வெள்ளிக்கு மட்டுமே பணம் வரும். மீதியைத் தர சேகரிப்பாளர் ஒருவர் கிடைக்க வேண்டும்.

விளம்பரத்தில் ‘999 வெள்ளி’ (99.9 சதவீத வெள்ளி) என்று இருக்கிறதா பாருங்கள். ‘வெள்ளி முலாம்’ என்றால் உள்ளே செம்போ பித்தளையோதான். காந்தச் சோதனையை நம்பாதீர்கள், செம்பும் ஒட்டாது. எடை காட்டிக்கொடுக்கும்: அதே அளவில் செம்பு நாணயம் 26.5 கிராம்தான் நிற்கும். நகைக்கடையில் தரம் பார்க்கும் கேரட் மீட்டர் கருவி மேற்பரப்பை மட்டுமே பார்ப்பதால் எடையையும் சேர்த்துப் பாருங்கள். உரைகல்லில் உரசவே விடாதீர்கள். ஹால்மார்க் இல்லையே என்று பயப்பட வேண்டாம், வெளிநாட்டு நாணயத்தில் அது இருக்காது. வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் சுங்க வரியும் கூரியர் கட்டணமும் தனி.

கேள்வி: இதே மாதிரி நாணயம் ஓரத்தில் மஞ்சளாகிறது. திருநீறு போட்டுத் துடைக்கலாமா?
- வாசகர், குளச்சல்

பதில்: குத்துவிளக்குக்கு அது சரி, இதற்குக் கூடாது. கண்ணாடிபோல் மின்னும் பரப்பில் முடியளவு கீறல்கள் விழும், வண்ணப் படம் உரிந்துவிடும். காற்றில் உள்ள கந்தகத்தால் வெள்ளி மஞ்சளாகி, பின் கறுக்கிறது. ஈரக்காற்று அதை விரைவுபடுத்தும். நாணயம் இருக்கும் பிளாஸ்டிக் கூட்டை (கேப்ஸ்யூல்) திறக்காமல், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ரப்பர் பேண்டு, செய்தித்தாள், பிவிசி உறை எதுவும் அருகில் வேண்டாம். திறந்தே ஆகவேண்டுமானால் பருத்திக் கையுறை போட்டு விளிம்பில் மட்டும் பிடியுங்கள்.