"அனுபவம்: இல்லை" என்று எழுதிய பிள்ளை

போன வாரம் களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்து ஒரு தாயும் மகனும் என்னிடம் யோசனை கேட்டு வந்தார்கள். கூடவே தாயின் தமையனும். மகன் உயிரியல் பிரிவில் இரண்டு தடவை உயர்தரம் எழுதியவன். இரண்டாம் தடவை ஒரு சீ, இரண்டு எஸ். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி அவன் கேட்ட எந்தப் பீடத்துக்கும் போதவில்லை. ஒன்பது மாதமாக வேலைக்கு விண்ணப்பம் அனுப்புகிறான், ஒரு நேர்முகத்துக்கும் கூப்பிடவில்லை. "இவனுக்கு ராசியில்ல சேர்" என்று தாய் அழுதார். மாமா முடிவெடுத்துக்கொண்டே வந்திருந்தார். கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் வெளிநாட்டுப் பட்டம். படுவான்கரையில் இருக்கிற இரண்டு ஏக்கர் வயலை ஈடு வைத்தால் முதல் வருசக் காசு வந்துவிடும். மிச்சத்தைச் சுவிஸிலிருக்கிற சின்னவர் பார்ப்பாராம்.

முதலில் நானும் ஆறுதல்தான் சொன்னேன். பிறகு அவன் அனுப்பிய விண்ணப்பங்களின் பிரதிகளை வாங்கிப் பார்த்தேன். ராசியில் ஒரு குறையும் இல்லை, குறை அந்தத் தாள்களில் இருந்தது.

காசாளர், களஞ்சியப் பொறுப்பாளர், மருந்தக உதவியாளர், ஹோட்டல் வரவேற்பாளர் எல்லாவற்றுக்கும் ஒரே தாள். ஒன்றில் "எந்த வேலையும் செய்வேன்" என்று வேறு எழுதியிருந்தான். அப்படி எழுதுகிறவரை எந்த வேலைக்கு எடுப்பது என்று முதலாளிக்கு எப்படித் தெரியும்? பெறுபேறு, மாணவ தலைவர் பதவி, பேச்சுப் போட்டி எல்லாம் விரிவாக இருந்தன. "அனுபவம்" என்ற கட்டத்தில் மட்டும் "இல்லை".

"பள்ளிக்கூடம் விட்டு வந்து என்ன செய்வாய் தம்பி?"

அவன் மாமாவைப் பார்த்தான். மாமா சொன்னார்: "சும்மா கல்முனையில சித்தப்பாட பிரிட்ஜ் கடையில நிப்பான்."

சும்மா நின்றது மூன்று வருசம். பழைய பிரிட்ஜ் பெட்டியில் அடிக்கிற வாயு ஆர்-134ஏ, புதியதில் ஆர்-600ஏ. இரண்டாவது எரியக்கூடியது, நிறுத்து அளந்துதான் அடிக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு ஆகாது என்று அவன் எனக்கு விளங்கப்படுத்தினான். சவர்க்கார நுரை தடவி லீக் பிடிப்பதை, கம்பிரசர் சூடேறி நிற்பதற்குக் காரணம் தேடுவதைச் சொல்லும்போது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். உயிரியல் பற்றிக் கேட்டபோது ஒரு வசனத்துக்கு மேல் வரவில்லை.

மாமாவுக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். அந்த வயலை ஈடு வைக்காதீர்கள். மாரிப் போகத்தில் அந்தக் குடும்பத்தின் சோறு அதிலிருந்துதான் வருகிறது. பிள்ளை விரும்பாத படிப்புக்கு, அவன் இன்னும் உழைக்காத காசை நம்பி, வட்டிக்குக் கடன் எடுப்பதற்கு நான் எந்த நாளும் சம்மதம் சொல்லமாட்டேன். சுவிஸில் இருப்பவர் இரண்டாம் வருசம் கைவிரித்தால் பட்டமும் அரைகுறை, காணியும் போச்சு. "சனம் என்ன சொல்லும்" என்றார் மாமா. அந்தச் சனம் வட்டி கட்டப் போவதில்லை.

வெளிவாரிப் பட்டம், தாதியர் பயிற்சி, கற்பித்தல் பற்றியெல்லாம் நான் எழுதத் தேவையில்லை. கோயில் வாசலில் நின்றாலே நாலு பேர் சொல்லித் தருவார்கள். ஒருவரும் சொல்லாத வழி ஒன்று இருக்கிறது. கடையில் பழகிய கைவேலையை அரசாங்கச் சான்றிதழாக மாற்றலாம். முன்கற்றலை அங்கீகரித்தல் என்பது அதன் பெயர், அலுவலகங்களில் ஆர்.பி.எல். என்பார்கள். வகுப்புக்குப் போகாமல், ஏற்கெனவே தெரிந்த வேலையைச் செய்துகாட்டி, தேசிய தொழிற்தகைமை என்ற என்.வி.கியூ சான்றிதழைப் பெறுவது. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுதான் அதன் மேலிடம். குளிரூட்டல், வளிச்சீராக்கல் வேலைக்கும் அதில் இடமுண்டு.

இதற்கு முதல் வேலை ஒரு பைல் தயாரிப்பது. வேலை செய்த காலத்தைச் சொல்லிச் சித்தப்பா கையெழுத்திட்டுத் தரும் கடிதம், கடையின் வியாபாரப் பதிவுப் பிரதி, பில் கொப்பியில் அவன் கையால் எழுதிய பக்கங்கள், குழாய் பற்றவைக்கும்போதும் வெக்கியூம் பம்ப் பூட்டும்போதும் எடுத்த படங்கள், ஒவ்வொரு படத்துக்கும் கீழே என்ன பழுது, எப்படித் திருத்தினான் என்று இரண்டு வரி. பிறகு மதிப்பீட்டாளர் கேள்வி கேட்பார், செய்துகாட்டச் சொல்வார். அந்தத் தொழிலுக்கென்று எழுதிவைத்த தேர்ச்சி அலகுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். சிலவற்றில் குறை இருந்தால் தேறியவை வீணாகாது. குறைந்ததைப் பழகிக்கொண்டு மறுகா போகலாம். தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை, தொழிற்பயிற்சி அதிகாரசபை இரண்டுக்கும் நம் பக்கத்தில் அலுவலகங்கள் உண்டு. அது தூரமென்றால் பிரதேச செயலகத்தில் மனிதவலு உத்தியோகத்தரைக் கேளுங்கள்.

மாமா கேட்ட பட்டமும் இந்த வழியில் இருக்கிறது. தொழிற்தகைமையில் ஏழு மட்டங்கள். ஒன்றிலிருந்து நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். இரத்மலானையில் யுனிவொடெக் என்கிற தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அதற்காகவே இருக்கிறது. வேலை செய்துகொண்டே ஏறலாம், வயலைத் தொடத் தேவையில்லை.

வேலை எங்கே என்று தாய் கேட்டார். பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் ஏசி ஓடுகிற ஹோட்டல் அறை எத்தனை இருக்கும்? மீனுக்கு ஐஸ் அடிக்கிற இடங்கள், பால் குளிரூட்டும் நிலையங்கள், மருந்துக் களஞ்சியங்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் கை வேண்டும். ஓசோன் படலத்தைக் காக்க நாடுகள் செய்துகொண்ட மொன்றியல் உடன்படிக்கையின்படி ஆர்-22 போன்ற பழைய வாயுக்களை நம்மைப் போன்ற நாடுகள் 2030 அளவில் ஏறத்தாழ முழுதாகக் கைவிட வேண்டும். எரியக்கூடிய புதிய வாயுக்களைக் கையாளச் சும்மா பழகிய ஆளை அனுமதிக்கப் பயப்படுவார்கள், சான்றிதழ் உள்ளவரைத்தான் தேடுவார்கள்.

இனி படிவம். பிறப்புச் சான்றிதழில் பெயர் தமிழில் இருக்கும், அடையாள அட்டையிலும் பெறுபேற்றுத் தாளிலும் ஆங்கில எழுத்துக்கூட்டல் வெவ்வேறாக இருக்கும். எங்கும் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள், வித்தியாசம் இருந்தால் இப்போதே சத்தியக் கடதாசி எடுத்து வையுங்கள். முடிவுத் திகதி என்பது கடிதம் அங்கே போய்ச் சேர வேண்டிய நாள், இங்கே தபாலில் போடும் நாள் அல்ல. பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். உறை மூலையில் பதவியின் பெயரை எழுதச் சொன்னால் எழுதுங்கள். கையெழுத்தை உறுதிப்படுத்த வேண்டுமென்றால் அதிபர் அல்லது சமாதான நீதவான் முன்னால் போய்த்தான் ஒப்பமிட வேண்டும். உங்களைப் பற்றி நற்சாட்சி சொல்லும் நடுவராக மாமாவின் பெயரைப் போடக்கூடாது, உறவினர் அல்லாதவரைத்தான் கேட்கிறார்கள்.

இதெல்லாம் கவனமிருந்தால் வரும். அனுபவக் கட்டம்தான் கஷ்டம். அதை என் முன்னால் இருந்தே எழுது என்று தாளைக் கொடுத்தேன். முதலில் "பிரிட்ஜ் கடையில் உதவியாளர்" என்று எழுதினான். உதவியாளர் என்றால் தேத்தண்ணி வாங்கி வந்தவனா, கம்பிரசர் மாற்றினவனா? எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எந்த வகைப் பெட்டி, என்ன கருவி, தனியே செய்தது எது, சித்தப்பா பக்கத்தில் நிற்கச் செய்தது எது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். செய்யாததை ஒரு சொல்லும் எழுதாதே என்றும் சொன்னேன், நேர்முகத்தில் கையில் மல்டிமீற்றரைத் தந்தால் தெரிந்துவிடும். மூன்றாம் தடவை எழுதி முடித்தபோது தாய் எட்டிப் பார்த்தார்.

"கட்டத்துக்குள்ள இடம் காணாது போல, சேர்."

வேறொரு தாளில் தொடர்ந்து எழுதி, அதன் தலையில் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் போட்டு இணைக்கச் சொன்னேன்.